நாலாவது குச்சி

போன ஞாயிறு மாலை, பிரேசர் டவுனில் எங்கள் சாப்பாட்டு மேசை முழுக்க க்ளே உருண்டைகள், டூத்பிக்குகள். செகண்ட் பியூசி, அதாவது பிளஸ் டூ, படிக்கும் ஷைனி மறுநாள் கெமிஸ்ட்ரி மாடல் கொண்டுபோக வேண்டும்.

ஷைனி என் கணவரின் மகள். அவளைப் பெற்ற அம்மா இறந்து இரண்டு வருடம் கழித்து நான் இந்த வீட்டுக்கு வந்தேன். நான்கு வருடமாக நான் அவளுக்கு ‘ஆன்ட்டி’. ஒரே ஒருமுறை ‘அம்மா’ என்றிருந்தால்கூட என் டைரியில் மணி, நிமிடத்தோடு இருக்கும்.

இல்லை.

“சிங்கிள் பாண்ட்ல ரெண்டு அணுவும் ஒரு ஜோடி எலக்ட்ரான ஷேர் பண்ணிக்கும். டபுள்ல ரெண்டு, ட்ரிப்பிள்ல மூணு. ஜோடி கூடக் கூட நெருக்கம் ஜாஸ்தி, பிரிக்கிறது கஷ்டம்” என்று அணுப் பிணைப்புப் பாடத்தை ஒப்பித்தாள்.

“எல்லாத்துலயும் ஆளுக்குப் பாதி குடுக்கணுமா?”

“இல்ல ஆன்ட்டி. கோஆர்டினேட் பாண்ட்ல ரெண்டு எலக்ட்ரானையும் ஒருத்தரே குடுப்பாங்க.”

டிபன் பாக்ஸ், யூனிஃபார்ம், காய்ச்சல் வந்தால் கஞ்சி... அந்த ஒருத்தரை எனக்குத் தெரியாதா என்ன?

அமோனியம் மாடல்; நடுவில் நீல நைட்ரஜன் உருண்டை. அதில் மூன்று ஹைட்ரஜனை அவள் செருகிவிட்டாள். நாலாவது என் பொறுப்பு. அதுதான் கோஆர்டினேட் பாண்ட் – குழப்பம் வரக்கூடாதே என்று அந்தக் குச்சிக்கு மட்டும் சிவப்பு மை பூசினேன்.

“இதுக்கு மட்டும் எதுக்கு ஆன்ட்டி கலரு?”

“வேற மாதிரி பாண்டாச்சே. தெரிய வேணாமா?”

“சேர்ற வரைக்கும்தான் வேற. புதுசா வர்ற ஹைட்ரஜன் வெறுங்கையோட வரும். இங்க இருக்கிற நைட்ரஜன்தான் குடுத்துச் சேத்துக்கும். சேந்த அப்புறம் நாலும் ஒண்ணுதான், எது லேட்டா வந்துச்சுன்னு யாராலயும் சொல்ல முடியாது. நீங்க கலர் அடிச்சா லெக்சரர் மார்க் கட் பண்ணுவாரு.”

சிவப்புக் குச்சியைப் பிடுங்கிவிட்டு, சாதாரணக் குச்சியைச் செருகினாள்.

நான்கு வருடமாகக் கொடுப்பவள் நான் என்றுதான் நினைத்திருந்தேன். ஆனால் இந்த வீட்டுக்குப் புதிதாக வந்தது யார்? இடம் கொடுத்துச் சேர்த்துக்கொண்டது யார்?

மறுநாள் காலை மாடலை இரண்டு கைகளாலும் பிடித்தபடி படியிறங்கியவள், நின்று திரும்பினாள். நான் கடிகாரத்தைப் பார்த்தேன் – பழக்கம்.

“வரேன் ஆன்ட்டி.”

அந்தச் சிவப்புக் குச்சி இப்போது டைரியில் பக்க அடையாளம். ‘இனி அந்தச் சொல்லுக்காகக் காத்திருக்கப் போவதில்லை’ என்று அன்றைய பக்கத்தில் எழுதினேன். வழக்கம்போல் ஒருமுறை சரிபார்த்தேன்.

பொய். அந்த வரியை அடித்துவிட்டேன்.