நதீராவின் வெள்ளிக்கிழமை விமானம்

வெள்ளிக்கிழமைகளில் பின்னேரத்து அஸர் தொழுத கையோடு நதீரா அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். மருதமுனையில் அவர்களுடைய ஒழுங்கையில் தறிகள் ஓய்ந்திருக்கும் நாள் அது ஒன்றுதான். ஒலிவாங்கியில் வேறு சத்தம் விழாது. அந்த நேரத்தில் யாராவது அவளைத் தேடி வந்தால், "மகள் கம்பியூட்டர் படிக்கா" என்று சொல்லி அவளுடைய உம்மா நஸீறா வாசலோடு அனுப்பிவிடுவார். எட்டு வயது அம்ஹாவுக்குத் தாயானவள் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு போர் விமானம் ஓட்டுகிறாள் என்று சொன்னால் ஒழுங்கையே கூடிச் சிரிக்காதா? உம்மா சொன்னதைப் பொய் என்றும் சொல்ல முடியாது. அது படிப்புத்தான்.

படிப்பித்தவன் அவளுடைய கணவன் றிஸ்வான். கல்முனையில் கணினி திருத்தும் கடை வைத்திருந்தவன். கடையில் ஆள் வராத நேரமெல்லாம் பழைய உலக யுத்தத்து விமானங்களை ஓட்டுகிற விளையாட்டில் கிடப்பான். ஆள் வந்தாலும் அதில்தான் கிடப்பான் என்று பேசிக்கொண்டவர்களும் உண்டு. கடை படுத்தது. கட்டார் போனான். அங்கே விமான நிலையத்தில் பயணப்பெட்டி ஏற்றுகிற வேலை. "நாள் முழுக்கப் பிளேன்ட வயித்துக்குக் கீழதான் நிக்கிறன். தலை நிமித்திப் பாக்கத்தான் நேரமில்ல" என்பான்.

முதலில் தினமும் தொலைபேசியில் கதைத்தார்கள். கதைத்துக் கதைத்துக் கதை முடிந்துபோனது. சாப்பிட்டீங்களா, ஓம். அம்ஹா பள்ளிக்குப் போனாளா, ஓம். அங்க வெயிலா, வெயில்தான். பிறகு இரண்டு பேரும் மற்றவருடைய மூச்சுச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பார்கள். ஒருவர் மேல் ஒருவருக்கு ஆசை குறைந்ததால் அல்ல. ஒரே வீட்டில் இருக்கிறவர்களுக்கு வாயில் வருகிற சில்லறைப் பேச்சுகள், உப்புக் கூடிவிட்டது, கதவைச் சாத்து, அந்தத் துவாய் எங்கே என்கிற பேச்சுகள், கடல் கடந்தால் வருவதில்லை. அவற்றுக்கு ஒரு வேலை நடந்துகொண்டிருக்க வேண்டும்.

கடைசியாக விடுமுறையில் வந்தபோதுதான் அவன் கணினியையும் ஜோய்ஸ்டிக்கையும் காலுக்கு இரண்டு பெடலையும் பூட்டிக் கொடுத்து நதீராவை உட்கார வைத்தான். தொடக்கத்தில் எல்லாவற்றையும் லேசான நிலையில் வைத்தான். விமானம் தானாகப் பறந்தது, தானாக இறங்கியது. நதீராவுக்கு அது பெரிய காரியமாகப் படவில்லை. அவன் கட்டார் போய்ச் சேர்ந்த அடுத்த வெள்ளிக்கிழமை, அங்கிருந்து இணையத்தில் அவளோடு சேர்ந்துகொண்டு, எல்லாவற்றையும் அசல் விமானம் மாதிரி மாற்றச் சொன்னான்.

"ஏன்? நல்லாத்தானே இறங்கிச்சு?"

"லேசா இறங்கினா நமக்குக் கதைக்க ஒண்டுமில்ல."

அதற்குப் பிறகு கதைக்க நிறையவே இருந்தது. அந்த விமானத்துக்கு மூக்கு நீளம். நேராக வந்தால் ஓடுதளம் மூக்குக்குப் பின்னால் மறைந்துவிடும். ஆகவே வளைந்து வர வேண்டும், ஓடுதளத்தை இடப்பக்கக் கண்ணாடியில் வைத்துக்கொண்டே வளைய வேண்டும், கடைசி நேரத்தில்தான் நிமிர்த்த வேண்டும். நதீரா நிமிர்த்துகிற நேரத்தில் நிலத்தைப் பார்த்துப் பயந்து ஜோய்ஸ்டிக்கை முன்னால் தள்ளுவாள். விமானம் குத்தித் துள்ளும். துள்ளியதைச் சமாளிக்க வேகத்தை ஒரேயடியாகக் கொடுப்பாள். உந்துவிசிறியின் இழுவையில் விமானம் இடப்பக்கம் புரண்டு, ஓடுதளத்தைச் சுற்றி மூடிக் கிடக்கிற வெண்பனிக்குள் விழும். பனியைக் கண்ணால் காணாத பெண் எத்தனையோ தரம் பனிக்குள் விழுந்திருக்கிறாள்.

"நீ இறக்கப் பாக்காத புள்ள. நிலத்துக்குக் கிட்டக் கொண்டுவந்து பிடிச்சிக்கிட்டே இரு. வேகம் செத்ததும் அது தானா உக்காரும். கண்ணக் கிட்ட வெச்சிக்காத, தூரத்துல வை."

"தூரத்துல என்ன இரிக்கு?"

"நான்தான். கடைசியில நிப்பன்."

உண்மையும் அதுதான். சண்டையெல்லாம் அவனுடைய வேலை. சுடுவதும் துரத்துவதும் நதீராவுக்குப் பிடிக்காது, அவனுடைய இறக்கைக்குப் பக்கத்தில் பறந்துகொண்டிருப்பாள். திரும்பும்போது அவன் முதலில் இறங்கி, ஓடுதளத்தின் கடைசியில் அவளுக்காகக் காத்து நிற்பான். அவள் இறங்கி ஓடி வந்து அவனுக்குப் பக்கத்தில் நிறுத்தியதும் இரண்டு விமானங்களும், கட்டாரில் அவனோடு அறையில் இருக்கிறவர்கள் திரும்பி வரும் வரைக்கும், கொஞ்ச நேரம் சும்மா நிற்கும். அந்த நேரத்துக்காகத்தான் அவள் ஒரு கிழமை முழுவதும் சமைத்தாள், துவைத்தாள், சிரித்தாள்.

அவர்கள் பறந்த இடத்தில் வேறு நாட்டவர்களும் இருந்தார்கள். மலேசியாக்காரன் ஒருவன், போலந்துக்காரன் ஒருவன். ஒலிவாங்கியில் ஒருவர் கதைப்பது எல்லாருக்கும் கேட்கும். நதீரா மற்ற யாரோடும் பேசுவதில்லை, கணவனை மட்டும் கூப்பிடுவாள். எப்படிக் கூப்பிடுவாள்? ஊர்ப் பெண்கள் எல்லாரும் கூப்பிடுகிற மாதிரித்தான், "இஞ்சாருங்க" என்று. கணவன் பெயரை வாயால் சொல்லி அவளுக்குப் பழக்கமில்லை. அந்த வேற்று நாட்டவர்கள் அதைத்தான் அவனுடைய பெயர் என்று விளங்கிக்கொண்டார்கள். மலேசியாக்காரன் அவனை "இஞ்சாரு" என்றான், போலந்துக்காரனும் அப்படியே பிடித்துக்கொண்டான். றிஸ்வான் திருத்தவில்லை. பெயர்ப் பட்டியலிலேயே அப்படி மாற்றிப் போட்டுவிட்டு, குழந்தை மாதிரிச் சிரித்தான். நதீராவுக்குத்தான் தன்னுடைய ஏதோ ஒரு பொருளை ஊரார் எடுத்துப் புழங்குவது போல உள்ளூர ஒரு எரிச்சல்.

இதற்கிடையில் அவளுடைய மனதில் ஒரே ஒரு கேள்விதான் கிடந்தது. நோன்புக்கு முன்னால் அவனுடைய வேலை எக்ரிமென்ட் முடிகிறது. ஊருக்கே வந்துவிடுவானா, மறுபடியும் இருப்பானா? வளவின் வடக்குப் பக்கத்தில் அம்ஹாவுக்கு வீடு எழும்பிக்கொண்டிருந்தது. பெண் பிள்ளைக்கு வீடு கட்டிக் கொடுத்து, மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வந்து குடியிருப்பது அந்தப் பக்கத்து வழக்கம். நதீரா இருப்பதும் அவளுடைய வாப்பா அப்படிக் கட்டிக் கொடுத்த வீட்டில்தான். அம்ஹாவின் வீட்டுக்குச் சுவர் முடிந்திருந்தது, கூரை இல்லை. "கூரையப் போட்டுட்டு வரட்டும் புள்ள, அவசரப்படுத்தாத" என்று உம்மா சொன்னார். நதீரா அவனிடம் கேட்கவில்லை. கேட்டு, இல்லை என்று சொல்லிவிட்டால்? கேட்காத வரைக்கும் அவன் வந்துகொண்டிருக்கிற ஆள்தானே.

அந்த வெள்ளிக்கிழமை சண்டையில் றிஸ்வானின் விமானம் அடிபட்டது. எண்ணெய்க் குழாய் அறுந்து முன்கண்ணாடி முழுக்கக் கறுப்பு எண்ணெய் வழிந்தது. எல்லாம் அசல் மாதிரி வேண்டும் என்று ஆசைப்பட்டவனுக்கு முன்னால் ஒன்றும் தெரியவில்லை.

"நதீரா, நீதான் கண். சொல்லிச் சொல்லி வா."

அவள் அவனுக்குப் பின்னால், கொஞ்சம் மேலே, பறந்து வந்தாள். "இடப்பக்கம் கொஞ்சம். போதும். இன்னும் வளையுங்க. வேகத்தக் குறைங்க." குரல் நடுங்காமல்தான் சொன்னாள். அவன் சொன்னபடி கேட்டு வளைந்தான். ஓடுதளம் கிட்ட வந்தபோதுதான் கண்டாள், அவன் சக்கரத்தை இறக்கவில்லை.

"இஞ்சாருங்க" என்றாள்.

அதே நேரத்தில் மலேசியாக்காரனும் இஞ்சாரு என்றான், போலந்துக்காரனும் இஞ்சாரு என்றான். ஆளாளுக்கு ஏதோ யோசனை. றிஸ்வான் அவர்களுக்கு ஆங்கிலத்தில் பதில் சொல்லிக்கொண்டிருந்தான். அவள் இன்னொரு தடவை கூப்பிட்டாள். எல்லாருடைய வாயிலும் இருந்த சொல் அது, எவர் கூப்பிட்டது என்று அவன் எப்படிப் பிரித்தறிவான்? நிலம் வந்துவிட்டது.

"றிஸ்வான், சக்கரம்."

காதுக்குள் எல்லாச் சத்தமும் அடங்கியது. சக்கரங்கள் இறங்கின. விமானம் தரையை ஒட்டி மிதந்து, வேகம் செத்து, மூன்று சக்கரமும் ஒன்றாக உட்கார்ந்தது. வாலை இரண்டு தரம் ஆட்டிவிட்டு ஓடிப்போய் ஓடுதளத்தின் கடைசியில் நின்றது.

"என்ன சொன்ன நீ?" என்றான்.

"சக்கரம் எண்டு சொன்னன்."

"அதுக்கு முதல்."

நதீராவுக்குக் கன்னம் சுட்டது. மூடிய அறைக்குள் யாரும் இல்லாதபோதும் முந்தானையை இழுத்துவிட்டாள்.

"இன்னொருக்காச் சொல்லு."

"ஏலா."

அவன் சிரித்தான். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. அவள் தன்னுடைய விமானத்தை வளைத்து இறங்கத் தொடங்கியிருந்தாள். சக்கரம் இறங்கியிருந்தது, வேகம் சரியாக இருந்தது, ஓடுதளம் இடப்பக்கக் கண்ணாடியில் அசையாமல் நின்றது.

"நதீரா, ஒண்டு சொல்லணும். போன கிழமை ஒப்பம் வெச்சிட்டன். மறுகா ரெண்டு வருஷத்துக்கு."

வேகத்தை மெதுமெதுவாகக் கூட்டினாள், இழுவைக்கு எதிராக வலக்காலை அழுத்தினாள், சக்கரத்தை மடக்கினாள். விமானம் ஒரு பக்கமும் சரியாமல் அவனுடைய தலைக்கு மேலால் எழும்பிப் போனது.

"ஏன் எழும்புற? நல்லாத்தானே வந்த?"

"ஓம். நல்லாத்தான் வந்தன்."

"மறுகா இறங்கு. கதைப்பம்."

"இறங்கினா உங்கட அறை ஆக்கள் வந்துருவாங்க, நீங்க போயிருவீங்க." இன்னும் மேலே ஏறிக்கொண்டே சொன்னாள். "என்னட்ட நீங்க கேக்கல்லயே."

"அம்ஹாட வீடு கூரை இல்லாமக் கிடக்கே. நான் என்ன செய்ய?"

"அம்ஹாக்கு எட்டு வயசு. அவட மாப்பிள்ளை எங்கயோ பல்லு விழுந்து திரியிறான். அவனுக்கு இப்ப என்ன கூரை?"

மலேசியாக்காரன், இவர்களுடைய மொழி விளங்காமல், அந்தப் பெண்ணுக்கு ஏதும் உதவி வேண்டுமா என்று கேட்டான்.

"எனக்கு வாப்பா நல்ல வீடுதான் கட்டித் தந்தாரு" என்றாள் நதீரா. "கூரை இரிக்கி, கதவு இரிக்கி, எல்லாம் இரிக்கி. வந்து இருக்க வேண்டிய ஆள்தான் இல்ல. எங்கட புள்ளைக்கும் இப்பிடி ஒரு வீட்டத்தானா கட்டுறீங்க?"

ஹெட்போனில் அவனுடைய மூச்சு மட்டும் கேட்டது. கீழே அவனுடைய விமானம் எஞ்சினை நிறுத்தாமல் நின்றுகொண்டிருந்தது. நதீரா எரிபொருள் முள்ளைப் பார்த்தாள், இன்னும் கொஞ்சம் இருந்தது. இறங்காமல் மற்றொரு சுற்றுப் போனாள்.