இருட்டறைப் பட்டாணியும் ஒரு கலாநிதியும்

மஹய்யாவ ஊரைச் சேர்ந்த இராஜேஸ்வரி பதினெட்டு வருடமாகக் கண்டிக்கு வெளியே ஓர் ஆய்வுகூடத்தில் உதவியாளர். அங்கே வரும் படித்தவர்களில் பாதிப்பேருக்கு ஒரு விதையை முளைக்கவைக்கத் தெரியாது என்பது அவருடைய கணிப்பு. கலாநிதிப் பட்டத்தோடு திலக்ஷன் வந்தபிறகு அது முக்காலானது.

இலைக்குள் இருந்து பச்சை நிறம் தரும் பச்சையுருமணிகளைத்தான் திலக்ஷன் ஆராய்ந்தான். வெளிச்சத்தைப் பிடிக்கும் மென்சவ்வுகள் அவற்றுக்குள் அடுக்கடுக்காக இருக்கும். இருட்டில் முளைத்த நாற்று மஞ்சளாக இருக்கும், அதில் அடுக்கு கிடையாது; அதற்கான சரக்கு வலைபோல முடிச்சிட்டுக் கிடக்கும். வெளிச்சம் பட்டால் முடிச்சு அவிழ்ந்து தகடுகளாகி, சில மணித்தியாலங்களில் அடுக்காகத் தொடங்கும். அந்த மாற்றத்தைப் பார்க்க, பட்டாணியைக் கும்மிருட்டில் வளர்த்துக் கொடுப்பது இராஜேஸ்வரியின் வேலை.

ஒருநாள் அவர் சாமான் வாங்க டவுனுக்குப் போயிருந்தார். அன்று காலை திலக்ஷன் தன் நண்பர்களுக்கு இருட்டறையைச் சுற்றிக் காட்டிவிட்டு, கதவைச் சாத்தாமலே போய்விட்டான். நாலு மணிக்கு இராஜேஸ்வரி திரும்பியபோது கதவோரத் தட்டு இளம்பச்சையாகியிருந்தது.

"சேர், அந்தத் தட்டுல வெளிச்சம் பட்டுருச்சு. வீசிட்டு வேற போடுறேன்."

"மென்சவ்வைப் பத்தி எனக்கே பாடமா? தண்ணி ஊத்துறதுதான் ஒங்க வேலை. அதப் பாருங்க."

அந்தத் தட்டிலிருந்தே இலை வெட்டிப் படமெடுக்க அனுப்பினான். இலத்திரன் நுணுக்குக்காட்டிப் படங்களில் அடுக்குகள் தெரிந்தன. மூளையுள்ளவன் கதவைச் சந்தேகித்திருப்பான். இவன் கூட்டம் கூட்டினான். பட்டாணி வெளிச்சமே இல்லாமல் மென்சவ்வை அடுக்குகிறது என்று கையை ஆட்டி அரைமணிநேரம் முழங்கினான்.

பிரிவுத் தலைவி ஸக்கியா, பின்னால் ஆட்கள் உட்காரக் கதிரை எடுத்துவைத்துக்கொண்டிருந்த இராஜேஸ்வரியிடம் திரும்பினார்.

"இராஜேஸ்வரி, அந்த இலை என்ன நிறத்துல இருந்திச்சு?"

"பச்சை, மேடம். காலையிலருந்து நாலு மணிவரைக்கும் கதவு தெறந்து கெடந்துச்சு. சேர்கிட்ட அன்னிக்கே சொன்னேன்."

யாரோ சிரித்தார்கள்.

"இவங்கதான் வந்து பூட்டியிருக்கணும்" என்றான் திலக்ஷன். அவன்மேல் மிச்சமிருந்த மரியாதையும் அதோடு போனது. ஸக்கியா திரையை அணைக்கச் சொன்னார்.

இராஜேஸ்வரி மறுபடி விதைத்தார். இந்தமுறை இலைகள் மஞ்சளாக இருந்தன. படங்களில் வெறும் வலைதான். அந்தப் படங்களோடு கட்டுரை வெளியானபோது நன்றிப் பட்டியலில் திலக்ஷனின் மாமனார்கூட இருந்தார், இராஜேஸ்வரி இல்லை. கொஞ்சமும் கூச்சமில்லாமல் கட்டுரையை அவரிடமே கொண்டுவந்து நீட்டினான்.

"பாத்தீங்களா, எவ்வளவு நல்லா வந்திருக்கு!"

"படம் நல்லாருக்கு, சேர். கொஞ்சம் தள்ளி நில்லுங்க, கூட்டணும்" என்றார் அவர்.