தீவுக்குப் போன நாற்பது பம்புகள்

என் அத்தானை நகரக் குடிநீர் வாரியத்தில் யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. 'வாஷர்' என்றால்தான் தெரியும். எந்தக் கைப்பம்பு ரிப்பேர் என்று அழைத்தாலும், பிரித்துப் பார்ப்பதற்கு முன்பே, "உள்ள தோல் வாஷர் போயிருக்கும்" என்பார். பத்துக்கு ஒன்பது தடவை அதுதான் போயிருக்கும். பத்தாவது தடவை வேறு ஏதாவது போயிருந்தால், அதற்கும் காரணம் வாஷர்தான் என்று நிரூபித்துவிட்டுத்தான் கையைக் கழுவுவார்.

அக்காவுக்குப் பேருந்து நிலையத்தில் ஒலிபெருக்கியில் அறிவிப்புச் சொல்கிற வேலை. வீட்டிலும் அதே குரல்தான். மாடியில் குடியிருந்த எனக்குக் கீழே நடப்பது எதுவும் தெரியாமல் போனதில்லை.

அந்தச் சமயத்தில் எங்கள் நாடு கிடுகிடுவென்று வளர்ந்துகொண்டிருந்தது. அதுவரை எல்லைக்கு அந்தப் பக்கம் இருப்பவர்களோடு சண்டையும் சமாதானமுமாகக் காலம் தள்ளிய அரசு, தொலைதூரத்தில் நண்பர்களைத் தேட ஆரம்பித்தது. உலக சபையில் ஒரு முக்கியமான இடத்துக்குப் போட்டி. அங்கே பெரிய நாட்டுக்கும் ஒரு ஓட்டுதான், கைக்குட்டை அளவு தீவுக்கும் ஒரு ஓட்டுதான். அப்படி ஒரு தீவுக்கு நாற்பது கைப்பம்புகளை அன்பளிப்பாக அனுப்பினார்கள். அமைச்சர் அங்கேயே போய் ரிப்பன் வெட்டும் படம் எல்லா நாளிதழ்களிலும் வந்தது.

அக்கா படத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "பக்கத்து வீட்டோட பேச்சு வார்த்தை கிடையாது. பத்துத் தெரு தள்ளி இருக்கறவளுக்குச் சீர் வரிசை போகுது."

ஆறு மாதம் கழித்துத் தீவிலிருந்து கடிதம் வந்தது: பம்புகள் உதவவில்லை. இதற்குள் இன்னொரு பெரிய நாடு அங்கே விளையாட்டு அரங்கமே கட்டிக் கொடுத்துவிட்டதாம். வெளியுறவு அமைச்சகத்துக்குக் கௌரவப் பிரச்சினை. குடிநீர் வாரியத்திடம் நல்ல ஆளாக ஒருவரைக் கேட்டார்கள். வாரியம் யோசிக்கவே இல்லை.

"பக்கத்து ஊர்ல கல்யாணம்னா கால் வலிக்குதும்பீங்க," என்றாள் அக்கா, பெட்டியில் சட்டைகளை அடுக்கியபடி. "கடல் தாண்டறதுக்கு மட்டும் கால் முளைச்சிடுச்சா?"

"ரெண்டே வாரம். வாஷர் மாத்திட்டு வந்துடறேன்."

போன அன்றே மாற்றினார். முதல் பம்பில் ஒரு மணி நேரத்தில் தண்ணீர் கொட்டியது. சுற்றி நின்றவர்கள் யாரும் கை தட்டவில்லை. அந்த ஊர்ப் பள்ளிக்கூட ஆசிரியை மட்டும் ஒரு தம்ளரில் பிடித்து அவரிடம் நீட்டினார். குடித்த வேகத்தில் துப்பினார் அத்தான். சுத்த உப்பு. அடுத்த பம்பும் உப்பு. அதற்கடுத்ததும் உப்பு.

மூன்றாம் நாள் எனக்குத் தொலைபேசினார். குரல் இறங்கியிருந்தது. "மாப்ளே, என் வாழ்க்கையில முதல் தடவையா வாஷர் மேல தப்பே இல்லைடா."

மறுநாள் அந்த ஆசிரியை அவரைப் பள்ளிக்குப் பின்னால் அழைத்துப் போனார். இருவருக்கும் பொதுவாக இருந்தது ஓட்டை ஆங்கிலம்தான், மீதியைக் கைகள் பேசின. அங்கே ஓர் ஆள் ஆழத்துக்கு ஒரு குழி. அதிலிருந்து வாளியில் எடுத்துக் கொடுத்த தண்ணீர் அமிர்தமாக இருந்தது.

"மேல மழைத் தண்ணி. கீழ கடல்," என்று ஒரு கையை இன்னொரு கையின் மேல் வைத்துக் காட்டினார் ஆசிரியை.

அத்தான் தலையில் அடித்துக்கொண்டார். நம் ஊர் வழக்கப்படி நூறடி துளைத்து, மெல்லிய நல்ல தண்ணீரைத் தாண்டிக் கடலையே இறைத்திருக்கிறார்கள்.

"துளை போடறதுக்கு முன்னாடி உங்ககிட்ட யாரும் கேக்கலையா?"

"கேட்டாங்க. ரிப்பன் என்ன கலர்ல வேணும்னு கேட்டாங்க."

வழி சுலபமாகத்தான் இருந்தது. பம்புகளைக் கழற்றி, ஊரில் ஆங்காங்கே இருந்த இதே மாதிரிக் குழிகளின் மேல் பலகை போட்டு மூடி, அங்கே பொருத்த வேண்டும். ஆனால் எங்கள் தூதரக அதிகாரி பதறிப்போனார். நல்ல மனிதர், சட்டை மடிப்புக் கலையாதவர்.

"முடியாதுங்க. ஒவ்வொரு பம்புக்குக் கீழயும் அமைச்சர் பேர் போட்ட கல்வெட்டு இருக்கு. பம்பை எடுத்தா என்ன ஆகும்?"

"பேர் இங்கயே இருக்கட்டும் சார். பம்பை மட்டும் எடுத்துக்கறேன்."

அதிகாரி தலைநகருக்கு அவசரச் செய்தி அனுப்பினார். ஒரு நாள் போயிற்று, பதில் இல்லை. "பதில் வரலைன்னா சம்மதம்னு அர்த்தம் சார், எங்க வாரியத்துல அப்படித்தான்," என்று சொல்லிவிட்டு அத்தான் ஸ்பானரை எடுத்தார். அதிகாரி கோட்டைக் கழற்றி மரத்தில் மாட்டிவிட்டு, குழாயின் மறுமுனையைப் பிடித்தார். அன்றைக்குத்தான் அவர் சட்டை முதன்முறையாகக் கசங்கியது.

இரண்டு வாரம் நான்கு மாதமானது. தீவின் ஆண்கள் பெரும்பாலும் மீன்பிடிக்கப் போய்விடுவதால், பன்னிரண்டு பெண்கள் அவரோடு வேலை செய்தார்கள். கடைசியில் அவர்களே பம்பைப் பிரித்து மாட்டினார்கள், அவர் ஓரமாக உட்கார்ந்து தப்புக் கண்டுபிடிக்கப் பார்த்து ஏமாந்தார். முப்பத்தொரு பம்புகள் நல்ல தண்ணீர் கொடுத்தன. மீதி ஒன்பதுக்கு அருகில் குழி கிடைக்கவில்லை. அவை இன்னும் அமைச்சர் பேரோடு அப்படியே நிற்கின்றன.

ஓட்டெடுப்பில் அந்தத் தீவு எங்கள் பக்கம் கை தூக்கியது. பம்புக்காகவா, வேறு கணக்கா, யாருக்குத் தெரியும்? அமைச்சகத்தின் அறிக்கையில் அமைச்சரின் சுற்றுப்பயணமே காரணம் என்று இருந்தது. அத்தான் அதைப் படித்துவிட்டு, "வாஸ்தவம்தான். அவர் போய் ரிப்பன் வெட்டலைன்னா நான் போயிருக்கவே மாட்டேனே" என்று சிரித்தார்.

அடுத்த வருடம் தீவு அரசிடமிருந்து ஒரே வரியில் கோரிக்கை வந்தது: 'வாஷரை அனுப்பவும்.' அமைச்சகம் சுறுசுறுப்பாக இரண்டாயிரம் தோல் வாஷர்களைக் கப்பலில் அனுப்பிவைத்தது. ஆசிரியை எழுதிய பதிலை அந்தத் தூதரக அதிகாரிதான் அத்தானுக்கு அனுப்பிக் காட்டினார்: "இவையும் பயன்படும், நன்றி. நாங்கள் கேட்டது சாப்பிடுகிற, பேசுகிற வாஷர்."

அதிகாரி விடவில்லை. அந்தக் கடிதத்தையே இணைத்து மேலிடத்துக்குக் குறிப்பு எழுதினார். இப்போது ஒரு விதி வந்திருக்கிறது: தூர நாட்டுக்குப் பம்பு கொடுப்பதானால், முதலில் ஒரு மெக்கானிக் போய், அந்த ஊர்க்காரர்களிடம் விசாரித்து, தண்ணீரைக் குடித்துப் பார்த்துவிட்டு வர வேண்டும். அந்த வேலைக்கு அத்தானை அமர்த்தி, அமைச்சகத்தின் மூன்றாவது மாடியில் ஒரு மேசையும் கொடுத்திருக்கிறார்கள். அவர் அதில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

போன மாதம் வேறொரு கண்டத்தில், மலைநாடு ஒன்றுக்குப் போனார். தண்ணீர் தேனாக இருக்கிறதாம், அதை எட்டுவதற்குள்தான் மூச்சு முட்டுகிறதாம்.

"அடுத்த தடவை நானும் வரேன்," என்று தொலைபேசியில் அறிவித்தாள் அக்கா. தெருவுக்கே கேட்டது. அவர் என்ன பதில் சொன்னாரோ தெரியாது. மறுநாள் காலை விடுப்புப் போட்டுவிட்டு, பாஸ்போர்ட்டுக்குப் படம் எடுக்கக் கிளம்பிவிட்டாள். சிரிக்கக் கூடாது என்று படம் எடுப்பவர் நான்கு தடவை சொல்ல வேண்டியிருந்ததாம்.