அத்தை குடித்த கஷாயம்

கஷாயம் கொதிக்கும் வாடைதான் அந்த ஆண்டு முழுவதும் எங்கள் சிதம்பரம் வீட்டில் நிறைந்திருந்தது. கசப்போடு ஏதோ தோல் கருகுவதுபோன்ற நாற்றமும் சேர்ந்து, தட்டில் இருக்கும் சோறுவரை ஏறியிருந்தது. நாற்பதுகளின் நடுப்பகுதி, எனக்குப் பத்து வயது. கஷாயம் கனகம் அத்தைக்கு. அப்பாவின் அக்காவான அவள், கணவரை இழந்தபின் எங்களோடுதான் இருந்தாள்.

மாதவிலக்கு நிற்கும் வயதில் அவளுக்கு உடம்பு திடீர் திடீரென்று கொதித்தது. மார்கழிக் குளிரிலும் வியர்த்துக் கொட்ட விசிறியைத் தேடுவாள், காரணமில்லாமல் அழுவாள். அம்மா இதை "உள்சூடு" என்றாள். சேத்தியாத்தோப்புச் சந்தையில் மூலிகை விற்பவர் ஒருவரிடம் அப்பாவை அனுப்பிப் பொடி வாங்கிவரச் செய்தாள். அதில் என்னென்ன சேர்ந்திருக்கிறது என்று அப்பா கேட்டதற்கு, "அதெல்லாம் வெளிய சொன்னா பலிக்காது. பச்சிலைதானே, என்னா பண்ணிடப் போவுது?" என்றாராம் அவர்.

இரண்டு மாதத்தில் சூடு கொஞ்சம் தணிந்தது உண்மை. ஆனால் அத்தைக்குச் சோறு இறங்கவில்லை. உள்ளங்கையைச் சொறிந்துகொண்டே இருந்தாள். ஒருநாள் காலையில் அவள் கஷாயத்தை வாழையடியில் ஊற்றுவதைப் பார்த்துவிட்டேன்.

"அம்மாகிட்ட சொல்லாதடி கண்ணு. குடிச்சாலே கொமட்டுது."

சொல்லிவிட்டேன். நல்ல பிள்ளை என்று பெயர் வாங்கும் ஆசை. அன்றுமுதல் அம்மா எதிரிலேயே நின்றாள். "ஒங்க நல்லதுக்குத்தான் அண்ணி, மூச்சைப் புடிச்சிக்கிட்டு முழுங்கிடுங்க." அத்தை என்னைப் பார்க்காமலே குடித்துவிட்டு, வெறும் டம்ளரை என்னிடம் நீட்டுவாள்.

அவள் கண்கள் மஞ்சளானபோது அப்பா மறுபடியும் சந்தைக்கு ஓடினார். "சூடு எறங்குது, அதான். இன்னம் கொஞ்சம் ஜாஸ்தியாக் குடுங்க" என்று பதில் வந்தது. கொடுத்தோம்.

பத்து நாள் கழித்து ரயிலில் கடலூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது அத்தைக்கு என் பெயர்கூட நினைவில் இல்லை. டாக்டர் பொடியை முகர்ந்து பார்த்தார். "இதுல என்னென்ன இருக்கு?" எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. "ஈரல் கெட்டுப்போச்சு. இதனாலதான்னு அடிச்சுச் சொல்ல முடியாது. ஆனா கண்ணு மஞ்சளான அன்னைக்கே இதை நிறுத்திட்டு இங்க வந்திருக்கணும்" என்றார்.

ஐந்தாம் நாள் அத்தை போய்விட்டாள்.

சில ஆண்டுகளில் அம்மாவுக்கும் அந்த வயது வந்தது. அவள் எதையும் காய்ச்சவில்லை. உடம்பு எரியும்போது கிணற்றடிக்குப் போய்த் தலையோடு தண்ணீர் ஊற்றிக்கொண்டு, ஈரச் சேலையோடு வெகுநேரம் அங்கேயே நிற்பாள். அத்தையைப் பற்றி அந்த வீட்டில் யாரும் பேசிக் கேட்டதில்லை.

எனக்கு இப்போது எண்பது கடந்துவிட்டது. அந்த வீடு போய் அங்கே லாட்ஜ் நிற்கிறது, கிணற்றைத் தூர்த்துவிட்டார்கள். அத்தைக்கு ஒரு போட்டோகூட எடுக்கவில்லை. வாழையடியில் நடந்ததை அம்மாவிடம் சொன்னது நான்தான் என்று தெரிந்தவர்கள் இரண்டே பேர். இருவரும் இல்லை, மன்னித்தேன் என்று சொல்ல எனக்கு இனி யாருமில்லை.