‘எல்லாம் ஓகே’ என்று சொன்னவள்

முதலில் மன்னித்துக்கொள்ளுங்கள். வாராவாரம் என் சமையல் சொதப்பல்களைப் படித்துச் சிரிக்கிறீர்கள். எச்ஐவி பற்றியெல்லாம் எழுத, பள்ளிப் படிப்பை ஐந்தாம் படிவத்தோடு நிறுத்திவிட்ட எனக்கு என்ன தகுதி? ஆனால் இந்த வாரம் வேறு எதுவும் எழுத வரவில்லை.

கொம்தார் கோபுரத்துக்குப் பின்னால் ஒரு கடைவீட்டு மாடி. எச்ஐவி உள்ளவர்களுக்கான உதவி மையம். வெளிநாட்டு நிதியில் நடக்கிறது. அங்கே நான் சமையல். வேலை செய்யும் பெண்கள் நானும், கூட்டித் துடைக்கிற அக்காவும்தான். ஆலோசகர்கள் எல்லாரும் ஆண்கள்.

போன புதன்கிழமை நிதி கொடுப்பவர்கள் பார்க்க வந்தார்கள். ஜுரு பக்கம் தொழிற்சாலையில் வேலை செய்துகொண்டு எங்கள் மையத்துக்கு வந்துபோகும் சாந்தி, அதற்காகவே லீவு போட்டு வந்திருந்தாள். கணவனால் வந்த நோய். அவன் போய்ச் சேர்ந்துவிட்டான்; இவள் மாத்திரையோடு இருக்கிறாள்.

நான் மீகூன் நூடுல்ஸ் பிரட்டிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து நின்றாள்.

“இன்னைக்குக் கேட்டுடுவேன்கா. பேச ஒரு பொம்பள ஆளு வேணும். உடம்பு விஷயத்த இந்த ஆம்பளைங்ககிட்ட எப்படி சொல்றது? எல்லாத்துக்கும் தலையாட்டிட்டு வந்துடுறேன்.”

“கேளு லா! என்ன பயம்?” என்றேன். வீரமாக!

கொஞ்ச நேரத்தில் ஒருங்கிணைப்பாளர் மணியம் அண்ணன் ஓடி வந்தார். பெண்கள் பக்கம் நாற்காலிகள் காலியாம். “அக்கா, ஏப்ரனக் கழட்டிட்டு வாங்க. சும்மா உக்காந்தா போதும்.”

சாந்தி பக்கத்தில் உட்கார்ந்தேன். நிதி கொடுப்பவர்களில் ஒரு அம்மா என்னைப் பார்த்து ஆங்கிலத்தில் ஏதோ கேட்டார்.

“இங்க பெண்களுக்கு ஏதும் குறை இருக்கான்னு கேக்குறாங்க,” என்றார் மணியம் அண்ணன்.

எல்லார் கண்ணும் என் மேல். வியர்த்துவிட்டது. சாந்தி தொண்டையைச் செருமினாள். அதற்குள் என் வாய்…

“எல்லாம் ஓகே.”

கைதட்டல். அவ்வளவுதான், அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்கள்.

கூட்டம் கலைந்ததும், அவர்களோடு வந்து படம் எடுத்த பெண்ணிடம் ஓடினேன். “ஏம்மா, என் முகத்த அழிச்சிடு. நான் சமையல்காரி. எனக்கு அந்தச் சீக்கு இல்ல.”

திரும்பினால்… பையோடு சாந்தி.

“பயப்படாதீங்கக்கா. நாற்காலியில உக்காந்தா ஒட்டாது.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். என்னால்தான் நிமிர முடியவில்லை.

பெண்களைக் கூப்பிட்டார்கள், நாற்காலி போட்டார்கள், கேள்வியும் கேட்டார்கள். ஒரு பெண்ணின் வாயை அடைக்க ஆண்தான் வேண்டுமா? பக்கத்து நாற்காலியில் நான் போதாதா?

மறுநாள் மணியம் அண்ணனிடம் சாந்தி கேட்க வந்த விஷயத்தைச் சொன்னேன். “நேத்து நீங்கதானேக்கா ஓகேன்னு சொன்னீங்க?” என்றார். படத்திலிருந்து என்னை எடுத்துவிட்டார்கள். என் பதிலை மட்டும் அறிக்கையில் அப்படியே அனுப்பிவிட்டார்கள்.