காற்றுப் பார்த்து நடந்தவர்

சித்தேரி மலையில் மான் கணக்கெடுப்புக்குத் தன்னார்வலராகப் போயிருந்தேன். எங்களை அழைத்துச் சென்ற வேட்டைத் தடுப்புக் காவலர் ஒல்லியானவர்; மீசை முழுக்க நரைத்திருந்தது. அடிக்கடி நின்று, ஒரு சிட்டிகை மண்ணைத் தூவிக் காற்றின் திசையைப் பார்ப்பார்.

"காத்து நம்ம மொகத்துல அடிக்கணுங்க. முதுகுல அடிச்சா நம்ம வாசம் மானுக்குப் போயிரும். மேட்டு உச்சியில நிக்காதீங்க, தூரத்துல இருந்தே தெரிஞ்சிரும்."

அவர் சொன்னபடி குனிந்தே சரிவில் இறங்கினோம். ஓடையோரம் ஒரு கடமான் தன் குட்டியோடு தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது.

திரும்பும் வழியில், "இதெல்லாம் டிரெயினிங்ல சொல்லிக் குடுத்தாங்களாண்ணா?" என்று கேட்டேன்.

"இல்லீங்க. வேட்டைக்கு வந்து கத்துக்கிட்டது. ஒருக்கா நான் சுட்ட மானை அறுத்தப்ப வயித்துல குட்டி இருந்துச்சு. மறுநாளே துப்பாக்கியக் கொண்டுபோய் பாரஸ்ட் ஆபீசுல ஒப்படைச்சுட்டு, கேசு போட்டுக்கோங்கன்னு நின்னேன். கேசு முடிஞ்சதும் அவங்களே இந்தக் காவல் வேலையில சேத்துக்கிட்டாங்க."

"இப்ப மானைப் பாத்தா என்ன தோணும்?"

செருப்பில் ஏறிய முள்ளைப் பிடுங்கிக்கொண்டே யோசித்தார்.

"பொய் சொல்லக் கூடாதுங்க. எங்க சுட்டா விழும்னுதான் மொதல்ல தோணுது. அழகா இருக்குன்னு அப்புறந்தான் தோணுது."

அந்த முதல் எண்ணத்தைச் சுமந்துகொண்டே தினமும் மான்களைக் காக்கப் போகிறவரை எனக்கு மிகவும் பிடித்துப்போனது.