பத்து விநாடி முந்திய மச்சான்

என் அக்கா டோரீனின் கணவர் லவர்ன் ஸ்டெஃபஸ், முப்பத்தொரு வருடம் சீஸ் ஆலையில் கொதிகலன் பார்த்தவர். நல்ல மனிதர்தான். வாயில்தான் எதுவும் தங்காது. பிறந்தநாள் பரிசைக் கையில் கொடுக்கும்போதே "உள்ள கையுறைதான்" என்று சொல்லிவிடுகிற முந்திரிக்கொட்டை.

எங்கள் விஸ்கான்சின் பக்கம் அமெரிக்க ஃபுட்பாலை டிவியில் பார்ப்போம், ரேடியோவில் கேட்போம். டிவியில் பேசுகிறவர்கள் வெளியூர்க்காரர்கள். எதிரணிக்காரன் தும்மினாலும் பாராட்டுவார்கள். அதனால் டிவியின் வாயை அடைத்துவிட்டு நம்ம ஹார்லன் க்விஸ்டின் வர்ணனையை ரேடியோவில் வைப்பது வழக்கம். ஆன்டெனா காலத்தில் இரண்டும் சேர்ந்தே வந்தன. டிஷ் வந்ததும் படம் பத்து விநாடி பிந்த ஆரம்பித்தது. ரேடியோவில் பந்து கோட்டைத் தாண்டியிருக்கும். டிவியில் அப்போதுதான் குனிந்து நிற்பார்கள். ஊரே அலுத்துப்போய் டிவி சத்தத்துக்கு மாறியது. மச்சான் மட்டும் சட்டைப்பை ரேடியோவின் ஒயரைக் காதில் மாட்டிக்கொண்டு ஹார்லனையே கேட்டார். கேட்டுவிட்டுச் சும்மா இருந்திருந்தால் யாருக்கு என்ன?

பதின்மூன்று வருடம் முன்பு நம் அணி சூப்பர் பவுல் இறுதி ஆட்டம் வரை போனது. கடைசி உதைக்கு ஆள் ஓடி வருவதற்குள் மச்சான், "போச்சு, வெளிய போயிடுச்சு" என்று கத்திவிட்டார். அக்கா மூன்று நாள் அவரோடு பேசவில்லை.

இந்த வருடம் மறுபடியும் சூப்பர் பவுல். என் வீட்டில்தான் கூட்டம். அக்கா வாசலிலேயே, சூப் பானையைக்கூட இறக்கி வைக்காமல், எல்லோர் முன்னாலும் சொன்னாள்.

"ஒரே ஒரு தடவை, என் கண்ணால பாத்து நானே தெரிஞ்சுக்கணும். இன்னிக்கு வாயைத் தொறந்தீங்க, அப்புறம் நீங்களும் அந்த ஹார்லனும் சேர்ந்து குடித்தனம் பண்ணுங்க."

மச்சான் தலையாட்டிவிட்டு ஒயரைக் காதில் மாட்டிக்கொண்டார். வாயை மூடினார், சரி. மூஞ்சியை என்ன செய்வது? அவர் புருவம் ஏறினால் நாங்கள் கைதட்டத் தயாரானோம். உதடு தொங்கினால் பியரை வைத்துவிட்டோம். அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இடைவேளையில் மச்சான் கொஞ்ச நேரம் அவளையே பார்த்தார். அதற்குப் பிறகு அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பரவாயில்லையே, மனிதர் தேறிவிட்டார் என்று நான்கூட நினைத்தேன்.

கடைசி மூன்று விநாடி. இரண்டு புள்ளி பின்தங்கியிருக்கிறோம். ஐம்பது கஜத்திலிருந்து உதைத்துக் கம்பங்களுக்கு நடுவே அனுப்பினால் மூன்று புள்ளி, கோப்பை நமக்கு. கூடத்தில் எல்லாத் தலையும் டிவியை விட்டு மச்சான் பக்கம் திரும்பியது. அவர் முகம் வெளுத்துக் கிடந்தது. "தோத்துட்டோம்" என்று என் மனைவி ஜோலீன் முணுமுணுத்தாள். அக்கா மட்டும் திரும்பவில்லை. மச்சானின் கையைப் பிடித்துக்கொண்டு திரையையே பார்த்தாள்.

பந்து கம்பத்தில் பட்டு, உள்ளே விழுந்தது. கூரை பிய்த்துக்கொண்டு போகாத குறைதான். எல்லோரையும்விடப் பெரிதாகக் கத்தியவர் மச்சான், சரியாக எங்களோடு சேர்ந்தே.

"தெரிஞ்சு வச்சுக்கிட்டே ஏன் மச்சான் எழவு வீட்டு மூஞ்சியோட உக்காந்திருந்தீங்க?" என்று பிடித்துக்கொண்டேன்.

"எனக்கு எங்கடா தெரியும்? பாதி ஆட்டத்துலயே பேட்டரி தீந்துபோச்சு," என்று நெற்றியைத் துடைத்தார். "இதை எப்படிடா நீங்கல்லாம் வருஷக்கணக்கா தாங்குறீங்க?"

மறுநாள் காலை சோபாவைச் சுத்தம் செய்தபோது, அவர் உட்கார்ந்த இடத்தில், சிப்ஸ் தூளுக்கு நடுவே இரண்டு பேட்டரி கிடைத்தது. ரிமோட்டில் போட்டுப் பார்த்தேன். முதல் அழுத்தலிலேயே டிவி ஓடியது.

உடனே அக்காவுக்கு போன் போட்டு, பேட்டரி தீரவில்லை, அவரே கழற்றியிருக்கிறார் என்றேன்.

"நேத்தே தெரியும்டா," என்றாள். "முடிவு தெரிஞ்ச மனுஷனுக்குக் கை அப்படி நடுங்காது. நீ அவர்கிட்ட மூச்சு விடாதே. பொறந்ததுலேருந்து முதல் தடவையா ஒரு ரகசியத்தை வச்சிருக்கார். இருந்துட்டுப் போகட்டும்."